‘ஆர்’ மென்பொருளில் முதற்படிகள்

புள்ளிவிபரவியல் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை நீண்ட அட்டவணைகளும், நடுவில் ஓர் இலக்கம் பிழைத்தால் கடைசி வரை பிழைத்துப்போகும் கூட்டல்களும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வேலையை நொடியில் செய்து தரும் ஒரு மென்பொருள் இருக்கிறது, அது இலவசம், பாடசாலைக் கணினியிலேயே பழகலாம் என்று அறிந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். அதன் பெயர் ‘ஆர்’. ஆங்கில அரிச்சுவடியின் பதினெட்டாவது எழுத்துத்தான் அதன் முழுப் பெயரும்.

அதனை எப்படித் தொடங்குவது என்று இக்கட்டுரையில் படிப்படியாகச் சொல்கிறேன். அத்துடன், பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நான் விட்ட ஒரு பிழையையும் சொல்கிறேன். கட்டளைகளை மறந்தாலும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிழையை மட்டும் நீங்கள் மறக்கக் கூடாது என்பது என் ஆசை.

எமது வகுப்பின் கேள்வி

சென்ற வருடம் ஒக்டோபரில், தவணைப் பரீட்சைக்கு முன் வாரத்தில் இரண்டு நாள் பிற்பகல் வகுப்பு வைப்பதாக எமது டீச்சர் கூறினார். 2.30 முதல் 4.30 வரை. எல்லோருக்கும் விருப்பம்தான். ஆனால் பெற்றோரின் கேள்வி ஒன்றே ஒன்று: பிள்ளை மஃரிபுக்கு முன் வீடு வந்து சேருமா? நவம்பர் மாதத்தில் மாத்தளையில் ஆறு மணியாகும் முன்பே சூரியன் மறைந்துவிடும்.

“ஒவ்வொருவரும் வீடு போய்ச் சேர எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று கேட்டு எழுதி வாருங்கள். பார்த்து முடிவெடுப்போம்” என்று டீச்சர் அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். எமது வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். கையாலேயே கூட்டிப் பிரித்திருக்கலாம். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மாமி மகள் ராத்தா நோன்புப் பெருநாள் விடுமுறையில் எனக்கு ‘ஆர்’ மென்பொருளைக் காட்டித் தந்திருந்தார். அதைப் பாவித்துப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன்.

யார் செய்தது?

நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். தமது மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பிக்க ஏற்ற ஒரு மென்பொருளைத் தேடியே இந்த வேலையைத் தொடங்கினார்கள். இருவருடைய முதற்பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குவது பெயருக்கு ஒரு காரணம். மற்றக் காரணம், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் பிறந்த ‘எஸ்’ என்ற கணினி மொழியைப் பின்பற்றி இது எழுதப்பட்டமை. 1995இல் இதனை எவரும் இலவசமாகப் பாவிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் திகதி அதன் 1.0.0 பதிப்பு வந்தது. இன்று உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிச் சேர்த்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துணைப் பொதிகள் அதற்கு உண்டு.

எண்ணிப் பார்த்து உண்மையைக் கண்டறியும் இந்தக் கலை எமக்கு அந்நியமானதும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, இரகசிய எழுத்தில் உள்ள ஒரு கடிதத்தில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் அதன் மறைபொருளை விடுவிக்கலாம் என விளக்கினார். நாம் இன்று மீடிறன் என்று படிப்பது அதுதான். கணினிக்குக் கொடுக்கும் படிமுறைக்கு வழங்கும் அல்கோரிதம் என்ற சொல்லும் அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது.

கணினியில் நிறுவுதல்

‘ஆர்’ வெளியிடப்படும் இணையக் களஞ்சியத்தின் பெயர் ‘க்ரான்’. அங்கே விண்டோஸ், மெக், லினக்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிப்புகள் உள்ளன. விண்டோஸுக்கான கோப்பு நூறு மெகாபைட்டுக்கும் குறைவு. ஒருமுறை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால் எத்தனை கணினிகளிலும் நிறுவலாம். பின்னர் இணைய வசதி இல்லாமலும் வேலை செய்யும். ‘ஆர் ஸ்டுடியோ’ என்ற இன்னொரு மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. அது ‘ஆர்’ மென்பொருளைப் பாவிப்பதற்கான வசதியான மேசை போன்றது. எழுதும் இடம், விடை வரும் இடம், படம் வரும் இடம் எல்லாம் ஒரே திரையில் இருக்கும். பழைய கணினி என்றால் ‘ஆர்’ மட்டுமே தொடங்கப் போதுமானது.

ஒரு குறிப்பு: எமது சஞ்சிகை தமிழில் அச்சாவதால், கட்டளைகளை அவை ஒலிக்கும் விதத்தில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அடைப்பும் காற்புள்ளியும் உள்ளபடியே வரவேண்டும்.

முதல் கட்டளைகள்

மென்பொருளைத் திறந்தால் ஒரு வெறுந்திரையும் > என்ற குறியும் தெரியும். “சொல்லுங்கள், கேட்கிறேன்” என்பது அதன் பொருள். 7 * 8 என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். பின்வருமாறு விடை வரும்:

[1] 56

முன்னால் உள்ள [1] விடையின் பகுதி அல்ல. அந்த வரியில் முதலாவதாக நிற்பது முதலாம் பெறுமானம் என்று சொல்லும் வரிசை எண் அது. நான் முதல் நாள் இதைப் பார்த்துக் குழம்பினேன்.

அடுத்து, பல எண்களை ஒன்றாக்கி ஒரு பெயரில் சேமிக்க வேண்டும். நான் வகுப்பில் திரட்டிய நிமிடங்களை, இடாப்பு வரிசைப்படி இப்படிக் கொடுத்தேன்:

நேரம் <- சி(15, 8, 55, 10, 25, என்ஏ, 12, 5, 30, 15, 10, 20)

‘சி’ என்பது ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து. அடைப்புக்குள் இருப்பவற்றைச் சேர்த்து ஒரு கோவையாக்கு என்று அது சொல்கிறது. <- என்ற அம்புக்குறி, அந்தக் கோவையை ‘நேரம்’ என்ற மாறியில் வை என்கிறது. ‘நேரம்’ என்ற பெயர் நான் வைத்தது. நீங்கள் வேறு பெயரும் வைக்கலாம்.

ஆறாவது இடத்தில் உள்ள ‘என்ஏ’ என்பதைக் கவனியுங்கள். அதைப் பெரிய எழுத்துகளில் தட்ட வேண்டும். ஒரு பெறுமானம் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம் அது. நான் கணக்கெடுத்த அன்று ஒரு தோழி பாடசாலைக்கு வரவில்லை. அவளது இடம் அது.

வெற்றிடம் வந்தபோது

சராசரியை, அதாவது எமது பாடத்தில் இடை என்று சொல்வதைக் காண ‘மீன்’ என்ற சார்பு இருக்கிறது:

மீன்(நேரம்)

விடையைப் பார்த்தேன். [1] என்ஏ என்று வந்தது. பதினொரு பேருடைய நேரம் கையில் இருந்தும் கணினி விடை தர மறுத்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ராத்தாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியபோது, விடுபட்டதை நீக்கிவிட்டுக் கணிக்கச் சொல்லலாம் என்று இந்த வடிவத்தை அனுப்பினார்:

மீன்(நேரம், என்ஏ.ஆர்எம் = ட்ரூ)

‘ஆர்எம்’ என்பது நீக்கு என்பதன் சுருக்கம். ‘ட்ரூ’ பெரிய எழுத்துகளில் வரவேண்டும். இம்முறை 18.63636 என்று விடை வந்தது. ராத்தாவின் செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது: “முதல்ல அது ஏன் வெறுமையா இருக்கு என்று பாருங்கோ.” விடை கிடைத்த சந்தோஷத்தில் அந்த வரியை நான் சரியாக வாசிக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்க ‘சமரி’ என்ற சார்பு உண்டு:

சமரி(நேரம்)

அது குறைந்த பெறுமானம் 5, முதலாம் காலணை 10, இடையம் 15, இடை 18.64, மூன்றாம் காலணை 22.5, கூடிய பெறுமானம் 55 என்று தந்தது. கடைசியில் ‘என்ஏ 1’ என்றும் காட்டியது.

நான் கரும்பலகையில் எழுதினேன்: “சராசரி 19 நிமிடம். அதிகூடியது 55 நிமிடம்.” 4.30க்கு வகுப்பு முடிந்தால் மிகத் தூரத்தில் உள்ளவரும் 5.25க்கு வீட்டில் இருப்பார். எல்லோரும் கைதட்டினார்கள். பெற்றோருக்கான கடிதமும் எழுதப்பட்டது.

“நான் அதில இல்லையே”

திங்கட்கிழமை அந்தத் தோழி வந்தாள். அவளது வீடு ரத்தோட்டைக்கும் அப்பால் மலைப் பக்கத்தில். அதற்கு முந்திய வாரம் பெய்த மழையில் அவளது ஊருக்குப் போகும் பஸ் ஓடவில்லை. அதனால்தான் அன்று வரவில்லை. இடைவேளையில் என் பக்கத்தில் வந்து, “நான் பின்னேர வகுப்புக்கு வரமாட்டேன். நீங்க படிச்சிட்டு எனக்கு நோட்ஸ் மட்டும் தாங்க” என்று மெதுவாகச் சொன்னாள்.

ஏன் என்று கேட்டேன். இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருப்பதோடு சேர்த்து 95 நிமிடம் ஆகும் என்றாள். கரும்பலகைக் கணக்கை அவளிடம் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, “நான் அதில இல்லையே” என்றாள்.

4.30உடன் 95 நிமிடத்தைக் கூட்டினால் 6.05. மஃரிபு பாங்கு சொல்லி முடிந்திருக்கும். அவளது வாப்பா நிச்சயம் சம்மதிக்கமாட்டார். அவள் பிரச்சினை எழுப்பாமல் ஒதுங்கிக்கொள்ளத் தீர்மானித்திருந்தாள். நான் கேட்காதிருந்தால் எவருக்கும் தெரிந்தும் இருக்காது.

அன்றுதான் ராத்தாவின் அந்த வரி எனக்கு விளங்கியது. அவள் வராமல் விட்டது தற்செயல் அல்ல. தூரத்தில் இருப்பதால்தான் மழை நாளில் வரமுடியவில்லை. வரமுடியாததால்தான் கணக்கில் இல்லை. யாருக்காக அந்தக் கணக்கை எடுத்தோமோ, அவளைத்தான் நான் ‘நீக்கு’ என்று கட்டளையிட்டிருந்தேன். கணினி முதலில் விடை தர மறுத்ததே சரி. தெரியாததைத் தெரியாது என்று அது சொன்னது. எமது உலமாக்கள் தமக்கு உறுதியில்லாத இடத்தில் ‘அல்லாஹு அஃலம்’ என்று நிறுத்திக்கொள்வார்கள். நான் அவசரப்பட்டேன்.

கோவையில் ஆறாவது இடத்தை மட்டும் மாற்ற, சதுர அடைப்பைப் பாவிக்கலாம்:

நேரம்[6] <- 95

மீண்டும் சமரியைக் கேட்டேன். இடை 18.64இலிருந்து 25ஆக உயர்ந்தது. கூடிய பெறுமானம் 95 ஆனது. ஆனால் இடையம் அசையவே இல்லை, அதே 15. ஒரு பெறுமானம் மிகத் தூரத்தில் இருந்தாலும் இடையம் அதிகம் மாறாது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அது இடையத்தின் நல்ல குணம் என்றே மனப்பாடம் செய்திருந்தேன். வகுப்பின் பொதுவான நிலையை அறிய அது நல்ல குணம்தான். ஆனால் ‘எல்லோரும் நேரத்துக்கு வீடு போவார்களா’ என்ற கேள்விக்கு இடையமும் இடையும் விடை தராது. அதற்குக் கூடிய பெறுமானத்தைப் பார்க்க வேண்டும். எந்த அளவை எடுப்பது என்பதை மென்பொருள் தீர்மானிக்காது. எமது கேள்விதான் தீர்மானிக்கிறது.

நான் டீச்சரிடம் போய் என் பிழையைச் சொன்னேன். வகுப்பு நேரம் மாற்றப்பட்டது. பாடசாலை 1.30க்கு விட்டதும் ளுஹர் தொழுதுவிட்டு 1.50க்குத் தொடங்கி 3.20க்கு முடிப்பது, இரண்டு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் வைப்பது என்று முடிவானது. என் தோழி 4.55க்கு வீட்டில் இருப்பாள். மொத்த நேரமும் நான்கு மணித்தியாலத்திலிருந்து நாலரை மணித்தியாலமாகக் கூடியது. அல்ஹம்துலில்லாஹ், பன்னிரண்டு பேரும் வந்தோம்.

பூச்சியம் வேறு, வெறுமை வேறு

இன்னொரு தவறான வழியையும் குறிப்பிட வேண்டும். கிடைக்காத இடத்தில் 0 என்று எழுதுவது சிலரது பழக்கம். நான் அப்படிச் செய்திருந்தால் சராசரி 17.08 என்று இன்னும் குறைந்திருக்கும். அதாவது எல்லோரிலும் தூரத்தில் இருப்பவளை, பாடசாலை வாசலிலேயே வீடு உள்ளவளாக ஆக்கியிருப்பேன். பூச்சியம் என்பது ஓர் அளவு. வெறுமை என்பது அளவு இல்லாமை. எக்செல் அட்டவணையைச் ‘சிஎஸ்வி’ வகைக் கோப்பாகச் சேமித்து ‘ரீட்.சிஎஸ்வி’ என்ற கட்டளையால் ‘ஆர்’ மென்பொருளுக்குள் எடுக்கலாம். அப்போது எண்கள் உள்ள நிரலில் வெறுமையாக விட்ட கட்டங்களை அது தானாகவே ‘என்ஏ’ என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே தெரியாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள்.

பாடப்புத்தக விடையும் ‘ஆர்’ விடையும்

நியம விலகலுக்கு ‘எஸ்டி’ என்ற சார்பு உண்டு. எமது பன்னிரண்டு பேருக்கும் எஸ்டி(நேரம்) என்று கேட்டால் 25.86 வருகிறது. நான் கையால் செய்தபோது 24.76 வந்தது. கூட்டலில் பிழையோ என்று மூன்று முறை பார்த்தேன். பிழை இல்லை. விலகல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 7358. நான் அதை 12ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டேன். ‘ஆர்’ 11ஆல் வகுத்தது. தரவுகள் ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்று கருதினால், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுப்பதே முறை. ‘ஆர்’ எப்போதும் அப்படித்தான் கருதும். எமது வகுப்பு ஒரு மாதிரி அல்ல, முழுத் தொகுதி. ஆகவே என் கேள்விக்குக் கைக்கணக்கே பொருத்தமானது.

காலணையிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி அதன் முக்காற்பங்கு இடத்தைக் காணும் முறையில் மூன்றாம் காலணை 28.75. சமரி தருவது 26.25. காலணை காண ஒன்பது முறைகள் ‘ஆர்’ மென்பொருளில் உள்ளன. பரீட்சைக்குத் தயாராகும் சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் எழுத வேண்டியது எமது பாடத்திட்ட முறையில் வரும் விடையே.

வரைந்து பார்த்தல்

எண்களைக் கேட்கும் முன் படத்தைப் பாருங்கள் என்பது ராத்தாவின் அறிவுரை. வலையுருவரையத்துக்கு ‘ஹிஸ்ட்’, பெட்டி வரைபுக்குப் ‘பொக்ஸ்ப்லொட்’. பின்னையதை எமது தரவுக்கு வரைந்தால் பெட்டிக்கும் கோட்டுக்கும் வெளியே இரண்டு சிறு வட்டங்கள் தனியாக நிற்கும். ஒன்று 55, மற்றது 95. கூட்டத்திலிருந்து விலகி நிற்பவர்கள் யாரென்று படம் உடனே காட்டிவிடுகிறது. விலகி நிற்பதாலேயே அவற்றைப் பிழையான தரவு என்று அழித்துவிடக் கூடாது. முதலில் போய்க் கேட்க வேண்டும்.

பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் என்ற புள்ளிவிபரவியலாளர் 1973இல் இதற்காகவே நான்கு சிறு தரவுத் தொகுதிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிலும் முதல் மாறியின் இடை 9, இரண்டாவதன் இடை 7.5. ஆனால் வரைந்தால் ஒன்று ஏறத்தாழ நேர்கோடு, இன்னொன்று வளைகோடு. மற்ற இரண்டிலும் தனியே விலகிய ஒரு புள்ளி முடிவையே மாற்றுகிறது. ‘அன்ஸ்கோம்ப்’ என்று தட்டினால் அந்த எண்கள் திரையில் வரும். அவை மென்பொருளுடனேயே சேர்ந்து வருகின்றன.

நாட்டின் கணக்கிலும் வெற்றிடம்

என் பிழை ஒரு வகுப்பறைக்குள் நடந்து, ஒரு வாரத்தில் திருத்தப்பட்டது. நாட்டின் கணக்கிலும் இத்தகைய வெற்றிடங்கள் உண்டு. இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. பொதுவாகப் பத்து வருடங்களுக்கு ஒருமுறை நடப்பது வழக்கம். ஆனால் 1981க்குப் பின் யுத்தம் காரணமாக 1991இல் நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழு மாவட்டங்களில் கணக்கெடுப்பு முழுமை பெறவில்லை. பின்னர் 2012இல்தான் முழு நாடும் எண்ணப்பட்டது. அந்த மதிப்பீட்டில் எமது மாத்தளை மாவட்டத்தின் குடித்தொகை 4,84,531.

2001ஆம் ஆண்டின் அட்டவணையை ஒருவர் கணினியில் ஏற்றி, விடுபட்ட மாவட்டங்களை ‘நீக்கு’ என்று கட்டளையிட்டு, கிணறும் மலசலகூடமும் பாடசாலையும் எத்தனை பேருக்கு உண்டு என்று சராசரி காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடை வரும். தசம தானங்களுடன் அழகாகவும் வரும். ஆனால் வீடிழந்து, இடம்பெயர்ந்து, மிக அதிகமாக உதவி தேவைப்பட்ட பலர் அந்த விடைக்குள் இருக்கமாட்டார்கள். அதை இலங்கையின் சராசரி என்று சொல்வது, நான் கரும்பலகையில் எழுதியதைப் போன்ற ஒரு பிழைதான். எவரெவர் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான விடை. எமக்குத் தரவு தருபவர்கள் அதை எம்மிடம் அமானிதமாகத் தருகிறார்கள். தராதவர்களுக்கும் எம்மீது ஓர் உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

தொடக்கத்தில் வரும் தடைகள்

புதிதாகப் பழகுவோர் தடுமாறும் இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ‘ஆர்’ மென்பொருளுக்கு வெவ்வேறானவை. ‘மீன்’ என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டினால், அப்படியொரு சார்பைக் காணவில்லை என்று சொல்லும்.

2. அடைப்பை மூட மறந்தால் > குறிக்குப் பதிலாக + குறி வரும். மிகுதியையும் சொல்லுங்கள் என்று அது காத்திருக்கிறது. அடைப்பை மூடுங்கள், அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி மீண்டும் தொடங்குங்கள்.

3. இரண்டு எண்களுக்கிடையில் காற்புள்ளி விடுபட்டால் பிழைச்செய்தி சிவப்பில் வரலாம். பயப்பட வேண்டாம். கணினிக்கு எந்தச் சேதமும் இல்லை.

4. ஒரு சார்பு எப்படி வேலை செய்கிறது என்று அறிய, அதன் பெயருக்கு முன்னால் ? குறியிட்டுத் தட்டினால் விளக்கப் பக்கம் திறக்கும். விளக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அகராதியுடன் உட்கார்ந்தால் ஆங்கிலமும் கூடவே வரும்.

5. கட்டளைகளைத் தனிக் கோப்பில் எழுதிச் சேமியுங்கள். ஒரு மாதம் கழித்து யாராவது “இந்த விடை எப்படி வந்தது?” என்று கேட்டால் காட்டுவதற்கு அது வேண்டும். என் பிழையை நான் கண்டுபிடித்ததும் அப்படித்தான். ‘நீக்கு’ என்று நானே எழுதியது கோப்பில் இருந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

மென்பொருளுடன் வரும் ‘நைல்’ என்ற தரவிலிருந்து தொடங்குங்கள். இங்கே முதல் எழுத்து மட்டும் பெரிது. எகிப்தின் அஸ்வான் என்னுமிடத்தில் நைல் நதி வருடாவருடம் சுமந்து வந்த நீரின் அளவு, 1871 முதல் 1970 வரை நூறு வருடங்களுக்கு அதில் உண்டு. இடை 919.35 என்று வரும். பிறகு ‘ப்லொட்’ கட்டளையால் வரைந்து பாருங்கள். 1898ஐ அண்டி நீரளவு சட்டென்று இறங்கிக் கீழேயே ஓடுவது தெரியும். அந்த ஒரு சராசரி எண்ணில் இது தெரிவதில்லை.

அடுத்து வீட்டிலிருந்து ஒரு தரவு எடுங்கள். பன்னிரண்டு மாத மின்சாரப் பட்டியலில் உள்ள அலகுகள் போதும். மிளகுக் கொடி உள்ள வீடென்றால், ஒவ்வொரு தடவையும் பறித்த பச்சை மிளகின் நிறையையும் காய்ந்தபின் நிறையையும் எழுதி வைத்து, எத்தனை கிலோவுக்கு எத்தனை கிலோ கிடைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். எழுத மறந்த நாளை வெறுமையாக விட்டு, ஏன் மறந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மழையால் காயவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்து என்ன பயன் என்று என் வாப்பாவும் கேட்டார். வைத்தியம், விவசாயம், வங்கி, ஆய்வு என எந்தத் துறைக்குப் போனாலும் தரவுகளை வாசிக்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். பணம் கட்ட வேண்டியதில்லை. வகுப்புக்கென்று தூரம் போக வேண்டியதும் இல்லை. வீட்டுக் கணினியிலோ பாடசாலைக் கணினி அறையிலோ இருந்து பழகலாம்.

என் தோழியும் இப்போது எம்முடன் கணினி அறையில் பழகுகிறாள். அவள் தானாகவே திரட்டத் தொடங்கியிருக்கும் முதல் தரவு, தனது ஊர் பஸ் ஒவ்வொரு நாளும் ரத்தோட்டையிலிருந்து புறப்படும் நேரம். பஸ் வராத நாட்களுக்கு ‘என்ஏ’ என்று போட்டு, அருகில் காரணத்தையும் எழுதுகிறாள். மூன்று மாதம் முடிந்ததும் அதை ஊர்ப் பெரியவர்களிடம் கொடுக்கப் போவதாகச் சொல்கிறாள். அதற்கான வரைபை நாங்கள் இருவரும் சேர்ந்து வரைவோம், இன்ஷா அல்லாஹ்.